ஐவி கேட்ட பாட்டு

எங்கள் மருத்துவமனை வானொலியில் ஒரு பழக்கம் இருந்தது. நோயாளி கேட்ட பாட்டு எங்களிடம் இல்லையென்றால், இல்லை என்று மைக்கில் சொல்லக் கூடாது. அதே சாயலில் வேறு ஒன்றை எடுத்துப் போட்டு, அன்பாக நாலு வார்த்தை சேர்த்துவிட வேண்டும். படுத்துக் கிடப்பவர்களை ஏமாற்றமடையச் செய்யாதே என்பது ஸ்டான்லியின் கட்டளை. ஸ்டான்லிதான் எங்கள் தலைவர். பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கண்டிப்பு வீட்டுக்குப் போகவில்லை, எங்களிடம் வந்துவிட்டது. 'மாற்றிப் போடுவது' என்று நாங்கள் அதைச் சொல்வோம். பதினோரு வருடமாக நானும் மாற்றிப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒருவரும் குறை சொன்னதில்லை.

இது 1984 நவம்பரில் நடந்தது. இங்கிலாந்தின் யார்க்ஷயரில், மில்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த எங்கள் சிறிய ஊரில். வார நாட்களில் நான் நூலகத்தில் வேலை பார்த்தேன். சனிக்கிழமை மதியம் வார்டு வார்டாகப் போய் விருப்பச் சீட்டு எழுதி வாங்குவேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை நேயர் விருப்பம். மருத்துவமனையின் அடித்தளத்தில், ஒரு காலத்தில் படுக்கை விரிப்பு அடுக்கி வைத்திருந்த அறைதான் எங்கள் ஒலிபரப்பு நிலையம். பக்கத்தில் சலவை அறை. இயந்திரம் சுற்றினால் எங்கள் மேஜையும் சேர்ந்து நடுங்கும். எங்கள் குரல் கட்டடத்தை விட்டு வெளியே போகாது. ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் தொங்கும் ஹெட்போனில் மட்டும்தான் கேட்கும்.

அந்தச் சனிக்கிழமை ஒன்பதாவது வார்டில் ஐவியைப் பார்த்தேன். அறுபத்திரண்டு வயது, குள்ளமான உருவம், கம்பளி மேல்சட்டையின் பொத்தானை மேலேயிருந்து கீழேவரை சரியாகப் போட்டிருப்பாள். மூன்று வாரமாக அங்கே இருந்தாள். அவள் கணவர் ஆர்னல்டும் இதே மருத்துவமனையில்தான், மூன்றாவது வார்டில் இருந்தார். அவள் இங்கே சேர்ந்து ஆறாவது நாள், தோட்டத்துக் கொட்டகைக் கூரையைச் சரிசெய்கிறேன் என்று ஏறி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார்.

"நாப்பது வருஷத்துல ஒரே ஒரு வாரம் தனியா விட்டேன்," என்று வார்டு முழுவதும் கேட்கும்படி சொல்லியிருந்தாள். "சமைக்கத் தெரியாட்டி பட்டினி கிடக்கலாம். கூரை மேல ஏறணுமா?"

ஒருவரையொருவர் அவர்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை. ஆர்னல்டின் வார்டு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில். ஐவி புதுக் கட்டடத்தின் மேல் மாடியில். நடுவே நீளமான நடைபாதை, எப்போதும் மெதுவாக வரும் ஒரு லிஃப்ட். அவர் எலும்பில் ஆணி போட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, வருகிற செவ்வாய்க்கிழமைதான் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். நாணயம் போட்டுப் பேசும் தொலைபேசியைத் தள்ளுவண்டியில் கொண்டுவருவார்கள், வார நாளில் மட்டும். அதில் பேசினால் பன்னிரண்டு கட்டிலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். அதனால் இருவரும் எங்கள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். வாராவாரம் அவரிடமிருந்து அவளுக்கு ஒரு பாட்டு, அவளிடமிருந்து அவருக்கு ஒன்று. நிகழ்ச்சியிலேயே எனக்கு மிகவும் பிடித்த இரண்டு சீட்டுகள் அவைதான்.

அன்று ஐவி கேட்டது ஒரு பழைய வால்ட்ஸ். கடற்கரை நடனக் கூடத்து இசைக்குழு வாசித்தது. இருவரும் முதன்முதலில் சேர்ந்து ஆடியது அதற்குத்தான் என்றாள். நான் எழுதிக்கொண்டேன்.

"அந்தத் தட்டு உங்ககிட்ட நிச்சயமா இருக்கா மேவிஸ்?" என்று கேட்டாள்.

நாலாயிரம் இசைத்தட்டு இருக்கிறது என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

"நாலாயிரம் எனக்கு எதுக்கு? இது ஒண்ணு இருந்தாப் போதும். மூணு மணிக்கு முன்னாடி போட்டுடுங்க."

மூன்று மணிக்கு முன் என்று ஏன் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. தூங்கும் நேரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் சீட்டில் நோயைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாது, கேட்கவும் கூடாது. பெயர், வார்டு எண், பாட்டு, ஒரு வரி வாழ்த்து, அவ்வளவுதான். வாழ்த்து என்ன எழுதட்டும் என்றபோது, "ஒண்ணும் வேண்டாம். பாட்டே போதும்" என்றாள்.

ஞாயிறு மதியம், வீட்டில் வறுத்த இறைச்சியும் கிரேவியும் சாப்பிட்டுவிட்டு, ஒன்றரை மணிக்கெல்லாம் அடித்தளத்துக்கு வந்துவிட்டேன். அட்டவணையைப் பார்த்து அலமாரியிலிருந்து உறையை உருவினேன். மெலிசாக இருந்தது. உள்ளே தட்டு இல்லை. பக்கத்து உறைகளையெல்லாம் பிரித்துப் பார்த்தேன். ஸ்டான்லியும் முழங்காலிட்டுக் கீழ்த்தட்டில் தேடினார். கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

"மாத்திப் போடு," என்றார் ஸ்டான்லி, முழங்கால் தூசியைத் தட்டியபடி.

நாங்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சிறு அட்டை வைத்திருப்போம், முன்பு என்ன கேட்டார்கள் என்று பார்க்க. ஆர்னல்டின் அட்டையை எடுத்தேன். போன வாரம் தள்ளுவண்டித் தொலைபேசி வந்த அன்று, அவர் தனக்காகவே ஒன்று எழுதி வார்டு நர்ஸிடம் கொடுத்தனுப்பியிருந்தார். பித்தளை வாத்தியக் குழுவின் அணிவகுப்பு மெட்டு. மில் குழுவில் முப்பது வருடம் ஊதியவர் அவர். அந்த மெட்டு எங்களிடம் இருந்தது, புத்தம் புதிதாக. எனக்கு என் மேலேயே சந்தோஷம் வந்தது. ஐவிக்கு அவர் ரசனை தெரிந்ததை விட எனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

இரண்டு முப்பத்தைந்துக்கு மைக்கைத் திறந்து, "ஒன்பதாவது வார்டு ஐவியிடமிருந்து மூன்றாவது வார்டு ஆர்னல்டுக்கு. எத்தனையோ பாட்டு இருக்க, உங்களுக்கு எது பிடிக்கும் என்று தேடித் தேடி இதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்" என்று சொன்னேன். ஊதுகுழல்கள் எல்லாம் சேர்ந்து எழும்பின. ஸ்டான்லி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது. மூன்றாவது வார்டு சிஸ்டர் ஹோல்ராய்ட். அவர் எங்களை அழைப்பதே அபூர்வம். ஆர்னல்ட் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தாளம் போட்டாராம், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாராம், பக்கத்துக் கட்டில்காரரின் கஸ்டர்டையும் சேர்த்துச் சாப்பிட்டாராம். ஒரு பதில் சொல்லச் சொல்கிறார், முடியுமா என்று கேட்டார். இதைவிட எங்களுக்கு என்ன வேண்டும். எழுதிக்கொண்டு உடனே படித்தேன்.

"ஆர்னல்டிடமிருந்து ஐவிக்கு: எனக்கு அப்பவே தெரியும் பொண்ணே. செவ்வாய்க்கிழமை வீட்டுல பார்க்கலாம். கொட்டகைப் பக்கமே போக மாட்டேன்."

நாலு மணிக்கு நிகழ்ச்சி முடிந்தது. தட்டுகளை உறையில் போட்டு அடுக்கினோம். ஸ்டான்லி டீ போட்டார், இஞ்சி பிஸ்கட் டப்பாவை நீட்டினார். சலவை இயந்திரம் ஓய்ந்திருந்தது. அவசரமே இல்லாமல் குடித்தேன். அந்த டீயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கும்.

போகிற வழியில் மூன்றாவது வார்டில் எட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. காரணம், அந்தப் பதிலின் குஷியைப் பார்த்தபின் என் மனசு கொஞ்சம் உறுத்தியது. ஐவி தேர்ந்தெடுத்தாள் என்று சொன்னது பொய்தானே. செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போனதும், வால்ட்ஸ் எப்படி இருந்தது என்று அவள் கேட்பாள், இவர் முழிப்பார். நானே சொல்லிவிட்டால் மூவரும் சிரித்துக்கொள்ளலாம்.

நாலு நாற்பது இருக்கும். ஆர்னல்ட் தலையணையில் சாய்ந்து, செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய கைகள், பென்சில் அதில் தீக்குச்சி மாதிரி இருந்தது.

"வாம்மா வா," என்றார். "ரேடியோவுல கேட்டா இருபது வயசுப் பொண்ணு மாதிரி இருக்கு. நேர்ல பார்த்தா முப்பது."

நான் சிரித்தேன். உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தேன் என்றேன். கையிலிருந்த ஐவியின் சீட்டை அவரிடம் கொடுத்தேன்.

"அவங்க கேட்டது பேண்டு வாத்தியம் இல்ல ஆர்னல்ட். ஒரு வால்ட்ஸ் கேட்டாங்க. எங்ககிட்ட அந்தத் தட்டு தொலைஞ்சுபோச்சு. உங்களுக்குப் பிடிக்குமேன்னு நான்தான் மாத்திப் போட்டேன்."

அவர் சீட்டைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதைக் கலைக்க மறந்தவர் மாதிரி இருந்தார். பிறகு சிரிப்பு இருந்த இடத்தில் எதுவுமே இல்லை. பென்சில் உருண்டு விழுந்து தரையில் ஓடியது. ஒரு மனிதரின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உதடுகூட வெளுத்தது.

"வால்ட்ஸா?" என்றார். "அவ வாயால வால்ட்ஸ்னு சொன்னாளா?"

மாரடைப்பு என்று பயந்து நான் சிஸ்டரைக் கூப்பிட்டேன். சிஸ்டர் ஹோல்ராய்ட் ஓடிவந்தார். ஆர்னல்ட் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ வயித்துல இருக்கிற கட்டி நல்லதா கெட்டதான்னு சனிக்கிழமை டாக்டர் சொல்றதா இருந்தது," என்றார். "எல்லார் எதிர்லயும் போன்ல அந்த வார்த்தையைச் சொல்ல முடியாதுன்னா. அதனால பாட்டா பேசிவச்சோம். நல்லதுன்னா பேண்டு. கெட்டதுன்னா வால்ட்ஸ்."

எனக்கு அது காதில் விழுந்தது, புரியவில்லை. புரிந்தபோது கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கம்பி சில்லென்று இருந்தது ஞாபகம் இருக்கிறது. எனக்குள் ஓடியது ஒரே ஒரு எண்ணம்: அவருடைய பதிலையும் நான்தான் படித்தேன். செவ்வாய்க்கிழமை வீட்டுல பார்க்கலாம். ஐவி ஹெட்போனோடு படுத்திருக்க, அவள் காதுக்குள், என் இனிமையான குரலில்.

சிஸ்டர் ஹோல்ராய்டும் திகைத்துதான் போனார். அந்த ஏற்பாட்டில் பாதி அவருக்குத் தெரியும். வால்ட்ஸ் வந்தால் தன்னை உடனே மேலே கூட்டிப் போக வேண்டும் என்று ஆர்னல்ட் கேட்டிருந்தார். அதற்காகச் சிஸ்டர் ஒரு சக்கர நாற்காலியைக் காலையிலிருந்தே கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாராம். பேண்டு வாத்தியம் கேட்டதும் அதை அவசரப் பிரிவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அவர் ஒன்பதாவது வார்டுக்குப் போன் செய்தார். பேசப் பேச முதுகை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார். வைத்துவிட்டு வந்து, மெதுவாகச் சொன்னார். ஐவியை லீட்ஸில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு மாற்றுகிறார்கள். நாளைக் காலை அறுவை சிகிச்சை. ஆம்புலன்ஸ் ஐந்து மணிக்கு. ஆர்னல்டுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், பாட்டு சொல்லிக்கொள்ளும் என்று ஐவி எல்லோரையும் கேட்டுக்கொண்டாளாம்.

சுவர்க் கடிகாரம் நாலு ஐம்பது காட்டியது.

நான் அவசரப் பிரிவுக்கு ஓடினேன். நாற்பத்தொன்பது வயதில், ஞாயிற்றுக்கிழமைக் குதிகால் செருப்போடு. அங்கே அந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் சுளுக்கிய ஒரு பெரிய மனிதர். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் எழுந்து ஒற்றைக் காலில் நின்றார். திரும்பி வந்து, சிஸ்டரும் நானும் ஆர்னல்டைத் தூக்கி உட்காரவைத்தோம். வலியில் அவர் பல்லைக் கடித்தது கேட்டது. அந்த நீளமான நடைபாதையில் நான் தள்ளினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லிஃப்ட் வரவில்லை. பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

ஒன்பதாவது வார்டில் ஐவியின் கட்டிலில் விரிப்பு இல்லை. மெத்தையை மடித்து வைத்திருந்தார்கள். தலைமாட்டில் ஹெட்போன் தொங்கிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டதாம்.

கரோல் என்ற இளம் நர்ஸ்தான் சொன்னாள். பேண்டு வாத்தியம் தொடங்கியதும் ஐவி எழுந்து உட்கார்ந்துவிட்டாளாம். இது இல்லை, நான் கேட்டது இது இல்லை என்றாளாம். கரோல் உடனே கீழே போன் செய்து சொல்கிறேன் என்றிருக்கிறாள். ஐவி வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஆர்னல்டின் பதில் வந்தது. அதை முழுக்கக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி, சுருட்டி, மாட்டினாள்.

"என்ன சொன்னா?" என்று கேட்டார் ஆர்னல்ட்.

கரோல் என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று தெரியவில்லை அவளுக்கு.

"'இன்னிக்கு ராத்திரியாவது அந்த மனுஷன் நல்லா தூங்கட்டும்'னு சொன்னாங்க."

ஆர்னல்ட் மடித்த மெத்தையின் மேல் கையை வைத்தார். நான் அங்கே நிற்கத் தகுதியில்லாதவள் என்று தோன்றியது. ஆனால் நாற்காலியைத் தள்ள வேறு ஆளும் இல்லை. மகன் ஒருவன் ஆஸ்திரேலியாவில் இருந்தான். நான்தான் இருந்தேன்.

ஆறு மணிக்கு சிஸ்டர் ஹோல்ராய்ட் லீட்ஸுக்குப் போன் செய்தார். நோயாளியைத் தயார் செய்துகொண்டிருக்கிறார்கள், போனுக்கு வர முடியாது, தகவல் இருந்தால் நர்ஸ் சொல்வார் என்று பதில் வந்தது. ஆர்னல்ட் தலையை ஆட்டினார். யாரோ முகம் தெரியாத ஒரு பெண் வந்து, உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளிடம் சொல்வதா? வேண்டாம் என்றார்.

அப்போதுதான் எனக்கு நைஜல் நினைவுக்கு வந்தார். லீட்ஸ் மருத்துவமனையிலும் எங்களைப் போலவே தொண்டர்கள் நடத்தும் வானொலி இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை சந்திப்போம். நைஜலின் நேயர் விருப்பம் ஞாயிறு மாலை ஆறு முதல் எட்டு. ஆர்னல்டிடம் சொன்னேன். ஒன்பதாவது வார்டிலிருந்து திரும்பியபின் அவர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

சிஸ்டரின் மேஜைத் தொலைபேசியில் எண்ணைச் சுழற்றினேன். நைஜல் எடுத்தார். பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வால்ட்ஸின் பெயர், இசைக்குழுவின் பெயர், ஐவியின் வார்டு எல்லாம் சொன்னேன்.

"சரி சரி, கவலைப்படாதீங்க மேவிஸ்," என்றார் நைஜல் உற்சாகமாக. "அது இல்லாட்டியும் அதே மாதிரி ஒண்ணு அழகா போட்டுடறேன்."

அவ்வளவு அன்பான குரல். அது என் குரல்தான்.

"அதே மாதிரி வேண்டாம் நைஜல்," என்றேன். "அது இருக்கணும். இல்லாட்டி இல்லைன்னு சொல்லுங்க. இப்பவே போய்ப் பாருங்க. உறையைப் பார்த்துட்டு வராதீங்க. தட்டைக் கையில எடுத்துப் பார்த்துட்டு வாங்க."

அவர் குழம்பிப்போய் ரிசீவரைக் கீழே வைத்தார். அங்கே ஓடிய பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது. நான் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். ஆர்னல்ட் என் பக்கத்தில், நாற்காலியில், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருக்கிறது என்றார் நைஜல். கையில் வைத்திருக்கிறேன். ஆனால் கீறல் விழுந்தது, நடுவில் ஒரு இடத்தில் தாவும்.

ஆர்னல்டிடம் சொன்னேன்.

"தாவினா தாவட்டும். அதையே போடச் சொல்லு."

வாழ்த்து என்ன சொல்வது என்று நைஜல் கேட்டார். நோயைப் பற்றி எதுவும் கூடாது, அங்கேயும் அதே விதிதான். ஆர்னல்ட் யோசித்தார். முழங்காலின் மேல் ஐவியின் சீட்டு இருந்தது, என் கையெழுத்தில்.

"ஐவிக்கு, ஆர்னல்ட்கிட்டயிருந்து," என்றார். "நீ கேட்ட பாட்டு வந்து சேர்ந்துடுச்சு. அவ்வளவுதான்."

நான் அதை அப்படியே சொன்னேன். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. மேலே ஆள் அனுப்பாமல் நீங்களே போய் அவள் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு வாருங்கள், உங்கள் கூட்டாளி மைக்கைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கெஞ்சினேன். சரி என்றார்.

ஆறு நாற்பதுக்குப் போடுவதாகச் சொன்னார். எங்களுக்குக் கேட்காது. முப்பது மைல் தள்ளி, வேறொரு கட்டடத்தின் சுவருக்குள் ஓடும் பாட்டு அது. மூன்றாவது வார்டில் மாலை டீ வந்தது. யாரும் தொடவில்லை. ஆறு நாற்பதுக்கு ஆர்னல்ட் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மூன்று நிமிடப் பாட்டு அது. நாலு நிமிடம் கழித்துத் திறந்தார்.

"தாவினதுக்கு ஒரு நிமிஷம்," என்றார்.

ஏழு மணிக்கு நைஜலே கூப்பிட்டார். அவர் குரலில் அந்த உற்சாகம் இல்லை. அவரே மாட்டிவிட்டாராம், பாட்டு முடியும்வரை கட்டிலருகே நின்றாராம்.

"அந்தம்மா அழவும் இல்ல, சிரிக்கவும் இல்ல," என்றார். "என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அவருக்கு யார் சொன்னது?'ன்னு கேட்டாங்க. கொஞ்சம் கோபம் மாதிரிதான் இருந்தது. பதில் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

மதியம் நான் அறியாமல் ஒன்றைச் செய்தேன். ஐவி அதை ஏற்றுக்கொண்டு, யோசித்து, தன் புருஷனுக்கு ஒரு நல்ல இரவைக் கொடுக்கலாம் என்று முடிவெடுத்திருந்தாள். அதையும் நாலு நாற்பதுக்குப் போய்க் கலைத்தது நான்தான். ஒரே நாளில் இரண்டு முறை அவளுக்குப் பதிலாக நான் தேர்ந்தெடுத்துவிட்டேன். இது எனக்கு அந்த நிமிடம்வரை தோன்றவே இல்லை.

நைஜல் கேட்டதை ஆர்னல்டிடம் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். சொன்னது மேவிஸ் என்று சொல்லுங்கள், கோபம் என்மேல் இருக்கட்டும் என்றேன்.

ஆர்னல்ட் கையை நீட்டி ரிசீவரை வாங்கினார்.

"தம்பி," என்றார் நைஜலிடம், நிதானமாக. "ரேடியோவுல சொன்னாங்கன்னு சொல்லு."

ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் முழிச்சுக்கிட்டுதான் இருப்பேன்னும் சொல்லு."